குளிர் நகரில் கத்திரிச் சாகுபடி

நமது நாட்டின் அன்றாட உணவில் கத்திரிக்காய்க்கு உள்ள இடம் பெரியது. உலகில் கத்திரி விளைவிக்கும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு உரியது. ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கு மேல் இங்கு விளைகிறது. விலை குறைவு, ஆண்டு முழுவதும் கிடைத்தல், எந்தக் குழம்பிலும் சேரும் தன்மை ஆகியவற்றால் இது எளிய குடும்பங்களின் காய்கறியாக விளங்குகிறது. ஆயினும் இது அடிப்படையில் வெப்பத்தை விரும்பும் பயிராகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு போன்ற நகரில், வீட்டளவில் இதைப் பயிரிடுவோர் சமவெளியில் எழாத சில சிக்கல்களைச் சந்திக்கின்றனர். அச்சிக்கல்களின் காரணத்தை அறிந்தால் அவற்றுள் பெரும்பாலானவற்றைச் செலவின்றித் தவிர்க்கலாம்.

தோட்டக்காரர்களின் நகரம்

மல்லேஸ்வரத்திற்கும் ராஜாஜிநகருக்கும் இடையே அமைந்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. நகரின் மேற்குப் பகுதியில் இயங்கிய நெசவாலைகளும் இரயில்வேயும் இங்குள்ள பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. ஆலைகள் மூடப்பட்டுவிட்டன, 2014-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் இப்பகுதியின் வழியே மேம்பாலத்தில் ஓடுகிறது. குறுகிய தெருக்கள், ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள் என்னும் அமைப்பு மட்டும் மாறவில்லை. இத்தகைய இடத்தில் விளைநிலம் என்று சொல்லத்தக்கது வீட்டின் மேல்தளம் ஒன்றே.

பெங்களூருவுக்குத் தோட்டக்கலை புதிதன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களாகக் கருதப்படும் திகளர் சமூகத்தினர், ஏரிகளின் ஓரங்களில் கீரையும் காயும் பூவும் விளைவித்து நகருக்கு வழங்கிவந்தனர். அவர்கள் நடத்தும் கரக விழா இன்றும் இந்நகரின் பெருவிழாவாக உள்ளது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இப்போது நகரப் பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்துள்ளது. ஏரிகளோடு அவற்றைச் சார்ந்த தோட்டங்களும் மறைந்தன. வீட்டு வாசலுக்கு அருகே விளைந்த காய் இன்று வெளியூர்களிலிருந்து லாரியில் வந்து சேருகிறது. மாடித் தோட்டம் என்பது இழந்த அந்தத் தோட்டங்களில் ஒரு சிறு பங்கை மீட்கும் முயற்சி என்றும் கொள்ளலாம்.

கொல்லாத குளிர்

கத்திரிச் செடி செழிப்பதற்கு ஏற்ற வெப்பநிலை 21 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஆகும். வெப்பம் 17 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது வளர்ச்சி தளர்கிறது. 15 டிகிரிக்குக் கீழே காய்ப்பிடிப்பு வெகுவாகக் குறைகிறது. உறைபனி இச்செடியைக் கொன்றுவிடும். நீலகிரியில் 2,200 மீட்டருக்கு மேல் அமைந்துள்ள உதகமண்டலத்தில் முட்டைக்கோசும் காரட்டும் செழிக்க, கத்திரி திறந்தவெளியில் விளையாததற்கு இதுவே காரணம்.

பெங்களூருவின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்நகரின் சராசரி இரவு வெப்பநிலை ஏறத்தாழ 16 டிகிரி. சில இரவுகளில் அது 13 டிகிரிக்கும் கீழே செல்வதுண்டு. 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பதிவான 7.8 டிகிரியே இந்நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. ஆகவே, இங்குள்ள குளிர் கத்திரிச் செடியைக் கொல்வதில்லை. ஆனால் காய்க்கவும் விடுவதில்லை. செடி பச்சையாக நிற்கிறது, பூக்கிறது, பூ உதிர்கிறது. வளர்ப்போர் இதை உரக்குறைவு என்றோ நோய் என்றோ கருதி, தேவையற்ற உரத்தையும் மருந்தையும் இடுகின்றனர். உண்மையில் அது பருவக் கோளாறே ஆகும்.

பூவில் நிகழ்வது

கத்திரிப் பூக்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சூல்தண்டு மகரந்தப் பைகளைத் தாண்டி நீண்டிருக்கும் பூக்கள், அவற்றுக்குச் சமமான உயரத்தில் நிற்கும் பூக்கள், அவற்றுக்குள்ளேயே குறுகி மறைந்துவிடும் பூக்கள் என்னும் வகைகள் ஒரே செடியில் காணப்படும். முதல் இரு வகைகளே காயாகின்றன. குறுகிய சூல்தண்டுப் பூக்கள் இயல்பாகவே உதிர்ந்துவிடும். எனவே, பூக்கும் பூவெல்லாம் காயாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

காயாகத் தகுந்த பூவுக்கும் மகரந்தம் சேர வேண்டும். கத்திரியின் மகரந்தப் பை நீளவாக்கில் பிளப்பதில்லை. அதன் நுனியிலுள்ள சிறு துளைகள் வழியாகவே மகரந்தம் வெளிவரும். தச்சன் வண்டு போன்ற தேனீ இனங்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது, உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் உதிர்கிறது. குளிரில் இரண்டு தடைகள் ஒருங்கே நேர்கின்றன. மகரந்தத்தின் உயிர்ப்புத்திறன் குறைகிறது. வண்டுகளின் நடமாட்டமும் குறைகிறது. நெருங்கிய குடியிருப்புகளில் வண்டுகள் முன்பே அருகியுள்ளன.

இவற்றுள் இரண்டாம் தடைக்கு எளிய மாற்று உண்டு. காலையில் வெயில் ஏறிப் பனி உலர்ந்தபின், மலர்ந்த பூக்களின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும். கத்திரிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளக் கூடியதாதலால், இவ்வதிர்வே காய்ப்பிடிப்புக்கு உதவும். முதல் தடையை இவ்வாறு நீக்க இயலாது. கடுங்குளிர் இரவில் கெட்டுப்போன மகரந்தத்தை எந்த அதிர்வும் உயிர்ப்பிக்காது. ஆகையால், பூக்கும் காலம் குளிர்காலத்தோடு மோதாதவாறு விதைக்கும் நாளைத் தேர்வதே அடிப்படைத் தீர்வாகும்.

விதைக்கும் காலம்

கத்திரி நாற்று நடவுக்குத் தயாராக 35 முதல் 45 நாட்கள் ஆகும். நட்டபின் முதல் அறுவடைக்கு இரு மாதங்கள் அளவில் தேவைப்படும். அதன்பின் இரண்டு மூன்று மாதங்கள் காய் கிடைக்கும். இக்கணக்கைப் பெங்களூருவின் பருவங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

மே இறுதியில் விதைத்து ஜூலைத் தொடக்கத்தில் நட்டால், செப்டம்பர் முதல் காய் வரத் தொடங்கும். குளிர் வருமுன் செடி நன்கு வளர்ந்து, பெரும்பகுதி விளைச்சலையும் தந்துவிடும். ஜனவரி இறுதியில் விதைத்து மார்ச்சில் நட்டால், மே மாதம் முதல் காய் கிடைக்கும். ஆனால் அக்டோபர், நவம்பரில் விதைக்கும் செடி இளம் பருவத்திலேயே குளிரில் சிக்கி, பூக்கும் பருவத்தில் ஜனவரியின் கடுங்குளிரை எதிர்கொள்கிறது. பொங்கலுக்கு வீட்டுக் கத்திரிக்காய் வேண்டும் என்று தீபாவளியை ஒட்டி விதைப்போர் ஏமாற்றமடைவது இதனாலேயே. பொங்கல் குழம்புக்கு வேண்டிய காய், மழைக்காலத் தொடக்கத்தில் நட்ட செடியில்தான் கிடைக்கும்.

ஜனவரியில் விதைக்கும்போது முளைப்பில் தாமதம் நேரும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வார அளவில் முளைக்கும் விதை, குளிர்ந்த மண்ணில் இரண்டு வாரங்களுக்கு மேலும் காத்திருக்கும். அதற்குள் அழுகிப்போவதும் உண்டு. நாற்றுத் தட்டை இரவில் சமையலறைக்குள் வைத்து, பகலில் வெயிலுக்கு எடுத்துச் செல்லுதல், தட்டின் மேல் கண்ணாடித்தாளைக் கூடாரம்போல் போர்த்துதல் ஆகிய எளிய முறைகளால் இத்தாமதத்தைக் குறைக்கலாம். முளை தோன்றியவுடன் போர்வையை நீக்கிவிட வேண்டும். ஈரம் தேங்கினால் நாற்றழுகல் நோய் தண்டைத் தரைமட்டத்தில் அரித்துவிடும்.

ஒருமுறை நட்ட செடியை ஓராண்டுக்கு மேலும் பயன்படுத்தலாம். டிசம்பரில் விளைச்சல் ஓய்ந்த செடியைப் பிடுங்காமல், நோயற்றதாயின், பிப்ரவரித் தொடக்கத்தில் முழங்கால் உயரத்திற்குக் கவாத்துச் செய்து எரு இட்டால், வெப்பம் ஏறும்போது புதுக்கிளைகள் தோன்றி மீண்டும் காய்க்கும்.

வெயிலின் கணக்கு

கத்திரிக்கு நாள்தோறும் ஆறு மணி நேர நேரடி வெயிலாவது தேவை. ஸ்ரீராம்புரம் போன்ற நெருக்கமான பகுதியில் இதுவே அரிய பொருள். பெங்களூரு ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் சுமார் 53 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அப்போது செடிக்குத் தெற்கே 3 மீட்டர் உயரச் சுவர் இருந்தால், அதன் நிழல் நண்பகலிலும் 2 மீட்டருக்கு மேல் விழும். ஜூன் மாதத்திலோ சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் அதே சுவரின் நிழல் அரை மீட்டர் அளவே, அதுவும் எதிர்ப்புறமாக விழும். ஜூன் மாதத்தில் வெயில் நிறைந்த இடமாகத் தேர்ந்த மூலை, டிசம்பரில் முழு நிழலாக மாறிவிடுவதற்குக் காரணம் இதுதான். எனவே, குளிர்காலத்தில் தொட்டிகளைத் தெற்குச் சுவரிலிருந்து விலக்கி, வடக்குச் சுவரின் அருகே, வெயிலை எதிர்நோக்குமாறு வைக்க வேண்டும்.

அவ்வாறு வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. பகலில் வெப்பத்தை உள்வாங்கும் செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் இரவில் அதை மெதுவாக வெளியிடுகின்றன. திறந்த தோட்டத்தைவிட மாடியில், சுவரோரம் நிற்கும் செடி குளிரை எளிதாகத் தாங்குவது இதனாலேயே. தகரக் கூரைக்கு இத்தன்மை இல்லை. அது விரைவில் சூடேறி விரைவில் குளிர்ந்துவிடும். கருநிறத் தொட்டிகளும் குளிர்காலத்தில் வேர்ப்பகுதியை வெதுவெதுப்பாக வைக்க உதவும். தண்ணீரை விடியற்காலையில் ஊற்றாமல், வெயில் ஏறியபின் ஊற்றுவது நலம்.

தொட்டியின் எடையையும் கருத வேண்டும். 20 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் ஈரமண் நிரப்பினால் எடை 30 கிலோவை எட்டும். பழைய கட்டடங்களில் தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர்களும் உத்தரங்களும் தாங்கும் ஓரங்களில் பரப்பி வைப்பதே பாதுகாப்பானது. பதப்படுத்திய தென்னைநார்க் கழிவையும் மட்கிய எருவையும் கலந்தால் எடை குறைவதோடு நீர்வடிப்பும் சீராகும்.

ஹெசரகட்டாவின் பங்களிப்பு

நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1967-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 'அர்க்கா' என்னும் முன்னொட்டுடன் அது வெளியிட்ட ரகங்கள் நாடு முழுவதும் பயிராகின்றன. கத்திரியில் கொத்தாகச் சிறு பச்சைக் காய்கள் தரும் அர்க்கா குசுமாகர், நீண்ட பச்சைக் காய்கள் தரும் அர்க்கா சிரீஷ், பெரிய உருண்டைக் காய்கள் தரும் வீரிய ஒட்டு ரகமான அர்க்கா நவநீத் ஆகியன அவற்றுள் சில. மாடித் தொட்டிக்குச் சிறுகாய் ரகங்களே பொருத்தமானவை. ஒரு பெரிய காயைச் சுமப்பதற்கு வேண்டிய சத்தை ஒரு சிறு தொட்டி தருவது கடினம். குளிரால் சில பூக்கள் உதிர்ந்தாலும், கொத்தாகக் காய்க்கும் செடியில் எஞ்சியவை காயாகும்.

இந்நிலையத்தின் மற்றொரு முக்கியப் பணி பாக்டீரியா வாடல் நோயை எதிர்க்கும் ரகங்களை உருவாக்கியதாகும். அர்க்கா நிதி, அர்க்கா கேசவ், அர்க்கா நீலகண்ட் ஆகியவையும், வீரிய ஒட்டு ரகமான அர்க்கா ஆனந்தும் இத்தகையவை. மண்ணில் வாழும் இந்நோய்க்கிருமி தாக்கிய செடி, இலைகள் பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடிச் சாயும். அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இழையாக இறங்கும். இது தெரிந்தால் அச்செடியையும் அத்தொட்டி மண்ணையும் அகற்ற வேண்டும். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் இக்கிருமி தாக்குமாதலால், அம்மண்ணில் அவற்றையும் நடலாகாது.

ரகத்தை மாற்ற விரும்பாதோருக்கு ஒட்டுக்கட்டும் முறை உண்டு. தமிழர் சமையலில் வற்றலாகப் பயன்படும் சுண்டைக்காயின் வேர், வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கக்கூடியது. சுண்டை நாற்றின் மேல் கத்திரிக் கொழுந்தை ஒட்டுக்கட்டினால், விரும்பிய ரகத்தின் காயும் காட்டுச் செடியின் வேர்வலிமையும் ஒருங்கே கிடைக்கும். சுண்டை விதை முளைக்கவும் நாற்றுத் தடிக்கவும் கூடுதல் நாட்கள் ஆகுமாதலால் அதைச் சில வாரங்கள் முன்னரே விதைக்க வேண்டும். ஜப்பானில் 1950-களிலேயே கத்திரியை வேற்றின வேரில் ஒட்டுக்கட்டும் வழக்கம் பரவியது.

பிற குளிர் நாடுகளின் வழி

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் கத்திரி கோடைப் பயிர். பாதுகாப்பான நாற்றங்காலில் இளவேனிலில் விதைத்து, பனி அச்சம் நீங்கியபின் நட்டு, இலையுதிர் காலத்திற்குள் அறுவடையை முடிக்கின்றனர்; எஞ்சியதைக் குளிர்காலத்திற்காக வற்றலாக உலர்த்துகின்றனர். நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடங்களை வெப்பமூட்டிப் பயிரிடுகின்றனர். மகரந்தச் சேர்க்கையின்றியே காய்பிடிக்கும் ரகங்களை உருவாக்குவதில் இத்தாலிய அறிஞர்கள் ஈடுபட்டனர். இம்மூன்று வழிகளுள் எரிபொருளோ, விலையுயர்ந்த விதையோ வேண்டாதது காஷ்மீரத்து வழியே. பருவத்தை எதிர்க்காமல் அதற்கு ஏற்ப நடப்பது என்பதே அதன் சாரம். பெங்களூரு மாடிக்குப் பொருந்துவதும் அதுவே.

பூச்சியும் நஞ்சும்

வீட்டில் கத்திரி வளர்ப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு விடை, விளைச்சலைவிடப் பூச்சிமருந்தில் அடங்கியுள்ளது. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் கத்திரியின் முதன்மைப் பகை. புழு காய்க்குள் சென்றுவிட்டால் மருந்து அதைச் சென்றடையாது. எனினும், துளையுள்ள காயை வாங்குவோர் இல்லை என்பதால் உழவர்கள் அறுவடைக்காலத்திலும் திரும்பத் திரும்பத் தெளிக்க நேர்கிறது. நஞ்சின் எச்சம் சமையலறைவரை வருகிறது.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்திரிக்கு, 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இசைவளித்தது. அதைத் தொடர்ந்து அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார்; அவற்றுள் பெங்களூருவும் ஒன்று. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அதன் வணிகச் சாகுபடி நிறுத்திவைக்கப்பட்டது. அண்டை நாடான வங்காளதேசம் 2013-இல் அதற்கு அனுமதி வழங்கியது.

இவ்விவாதத்திற்கு வெளியே, பத்துச் செடிகள் மட்டுமே வளர்ப்போருக்குக் கண்ணும் கையும் போதும். வாடித் தொங்கும் கொழுந்தைக் கண்டவுடன் புழுவிருக்கும் பகுதிக்குக் கீழே கிள்ளி அழித்தல், துளையுற்ற காய்களை அகற்றுதல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், வேப்பஞ்சோப்புக் கரைசல் தெளித்தல் ஆகியவை பரந்த வயலில் உழைப்பை மிகுதியாகக் கோருபவை. மாடியிலோ காலை நேரத்தில் சில நிமிடங்களில் முடிபவை. குளிர்காலத்தில் இப்பூச்சியின் பெருக்கம் மந்தமாவது வளர்ப்போருக்குச் சாதகமாகும்.

எதிர்பார்க்கத்தக்க விளைச்சல்

வயலில் 75-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 22,000 செடிகள் நடலாம். எக்டேருக்கு 30 டன் விளைந்தால் செடி ஒன்றுக்கு 1.35 கிலோ அளவில் கிடைக்கும். தொட்டிச் செடியிடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது தகாது. பத்துத் தொட்டிகள் வைத்திருக்கும் குடும்பத்திற்கு மூன்று மாதங்களில் 13 கிலோ, அதாவது வாரத்திற்கு ஒரு கிலோ அளவில் காய் கிடைக்கும். சந்தையை இது அகற்றிவிடாது. ஆனால் நான்கைந்து பேர் கொண்ட வீட்டில் வாரம் இருமுறை நஞ்சற்ற காய் சமைக்க இது போதும்.

பறித்த காயையும் குளிரிலிருந்து காக்க வேண்டும். கத்திரிக்காயைச் சேமிக்க உகந்த வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி. அதற்கும் குளிரான குளிர்பதனப் பெட்டியில் பல நாள் வைத்தால் தோலில் பள்ளங்கள் தோன்றும். உள்ளே விதை கறுக்கும். காய்க்கு உகந்த குளிர்ச்சி பெங்களூருவின் குளிர்கால அறைகளிலேயே ஓரளவு கிடைப்பதால், ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்தும் காயை வெளியே வைப்பதே சிறந்தது.

செய்ய வேண்டுவன

தோட்டக்கலை வளர்ச்சிக்கான அமைப்புகளில் கர்நாடகம் பின்தங்கிய மாநிலமன்று. 1959-இல், எம். எச். மரிகௌடாவின் முயற்சியால் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கி, பின்னர் ஹாப்காம்ஸ் என வளர்ந்த அமைப்பின் விற்பனை நிலையங்கள் நகரெங்கும் உள்ளன. ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே உள்ளது. குறை, உரிய காலத்தில் உரிய பொருள் சேராமையே. நவம்பரில் விற்கப்படும் ஆயிரம் நாற்றுகளைவிட ஜூலையில் கிடைக்கும் நூறு நாற்றுகள் மிகுந்த பயன் தரும். நோய் எதிர்க்கும் ரகங்களின் நாற்றுகளையும் சுண்டை வேரில் ஒட்டிய நாற்றுகளையும் ஜூலையிலும் மார்ச்சிலும் வட்டார அளவில் வழங்குவது, எந்தத் தொட்டியை எம்மாதத்தில் எப்பக்கம் வைப்பது என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்க அட்டையாக அளிப்பது, பள்ளிகளின் மேல்தளங்களில் செயல்விளக்கத் தொட்டிகள் அமைப்பது ஆகியன பெருஞ்செலவின்றி நிறைவேற்றக்கூடியவை.

ஏரிக்கரைத் தோட்டங்களை நகரம் மீண்டும் பெறப்போவதில்லை. ஆனால் அத்தோட்டங்களில் உழைத்தோர் நன்கறிந்திருந்த உண்மை ஒன்று மாடிக்கும் பொருந்தும். பயிருக்கு வேண்டிய வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை; அது வரும் மாதத்தை அறிந்து விதைத்தால் போதும்.